ஒருவர் மட்டும் அமரும் மேடை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், முத்தாபுதுப்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இசையும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பியானோவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "முத்தாபுதுப்பேட்டையில் நல்ல நாகசுரக்காரர் கிடைப்பதே பெரும்பாடு, பியானோவுக்கு எங்கே போவது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நான் பேச வந்தது அந்தக் கருவியின் பெருமையை மட்டும் அன்று. அந்தக் கருவிக்கு முன் ஒருவர் தனியே அமர்ந்து, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தாங்கி நிற்கும் வழக்கத்தைப் பற்றியே பேச வந்தேன். அதில் கவிஞர்களாகிய நமக்கு ஒரு பாடம் உண்டு. எனக்கு ஒரு குற்ற உணர்வும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மேலை இசை மேடையில் ஒருவரே தனித்து வாசிப்பது பழைய மரபன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கச்சேரி என்றால், ஒருவர் பாடுவார். நால்வர் கூடி வயலின் வாசிப்பார்கள். இடையே ஒருவர் பியானோவில் சிறிது நேரம் விரல் வித்தை காட்டுவார். எல்லாரும் கலந்த கதம்பம் அது. ஃபிரான்ஸ் லிஸ்ட் என்னும் ஹங்கேரியக் கலைஞர் 1839-இல் ரோம் நகரில் அவ்வழக்கத்தை உடைத்தார். பாடகர் இல்லை, துணைக்கருவி இல்லை. தாம் ஒருவரே வாசித்தார். அதனை இசையிலே ஒரு தனிமொழி என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார். மறு ஆண்டு, 1840 ஜூன் 9-ஆம் நாள், லண்டனில் ஹானோவர் சதுக்க அரங்கில் அவர் வாசித்தபோது, விளம்பரத்தில் அதற்கு 'ரிசைட்டல்' என்று பெயர் இட்டார்கள். லண்டன் மக்கள் திகைத்தார்கள். அச்சொல்லுக்குக் கவிதையை வாய்விட்டுச் சொல்லுதல், ஒப்புவித்தல் என்பதே அதுவரை பொருள். பியானோவில் எதை ஒப்புவிப்பது என்று கேட்டார்கள்.

நண்பர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இசைக்கலைஞர் தம் தனிமேடைக்குப் பெயர் தேடியபோது அது கவிதை வாசிப்பிலிருந்து கிடைத்தது. நம்மிடமிருந்து கடனாகப் போன சொல் அது. கடன் கொடுத்த நாம் அந்த வழக்கத்தை மறந்துவிட்டோம்.

பியானோவின் இயல்பையும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி என்னும் கைவினைஞர் அதனை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. கட்டையை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணத்திலேயே அவ்வொலி தேயத் தொடங்கிவிடுகிறது. குரலைப் போல அதனை வளர்க்க முடியாது. வீணையைப் போல கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்க முடியாது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே அதில் ஒன்றும் இல்லை. நிலைத்த கட்டைகளை உடையது என்ற இதே குறைக்காகத்தான், ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த விலக்கு நீடித்தது.

ஆனால் நல்ல கலைஞரின் கையில் பியானோ பாடுகிறது. எப்படி? தேய்ந்துகொண்டிருக்கும் ஒலியின் வலிமையை அளந்து, அடுத்த ஒலியை அதற்குப் பொருத்தமான மென்மையில் தட்டுகிறார். இரண்டுக்கும் நடுவே இல்லாத இழையைக் கேட்பவருடைய செவி நெய்துகொள்கிறது. பாதி வாசிப்பு கலைஞருடையது, மீதி கேட்பவருடையது. நம் தொழிலும் இதுவன்றோ? நம் கையில் உள்ள எழுத்துகளும் நிலைத்தவை, ஊர்ப் பொதுவானவை. ஒரு சொல்லை உச்சரித்த உடனே அது மறையத் தொடங்குகிறது. கவிதை சொற்களுக்கு நடுவே, கேட்பவர் உள்ளத்திலே நிகழ்கிறது. அதற்குக் கேட்பவருக்கு நேரம் வேண்டும்.

அந்த நேரத்தை அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். 1885, 1886-ஆம் ஆண்டுகளில் ருஷ்யக் கலைஞர் அன்டோன் ரூபின்ஸ்டைன், ஏழு மாலைகளில் பியானோ இசையின் வரலாறு முழுவதையும் வாசித்துக் காட்டினார். பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ முதலான நகரங்களில் அத்தொடர் நடைபெற்றது. ஒரு மாலை முழுவதும் பேத்தோவனின் எட்டு சொனாட்டாக்கள் மட்டுமே. வாசித்ததை மறுநாள் மாணவர்களுக்காக இலவசமாக மீண்டும் வாசித்தார்.

அடுத்தவர் ஆர்தர் ஷ்னாபெல். பேத்தோவன் மறைந்த நூற்றாண்டான 1927-இல், பெர்லினில் ஏழு கச்சேரிகளில் அம்மேதையின் 32 சொனாட்டாக்களையும் ஒன்று விடாமல் வாசித்தார். கூட்டம் எவ்வளவு கைதட்டினாலும் கூடுதலாக ஒரு துணுக்கை வாசிக்க அவர் இசைவதில்லை. வாசித்த இசை முழுமை பெற்றுவிட்டது. அதன்மேல் சர்க்கரை தூவலாகாது அல்லவா? அதே 1927-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு கூடியது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. நம் மார்கழி இசை விழா தழைத்தது. ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் கேட்பவர்களுக்கான பருவங்கள் பிறந்தன என்று நான் எண்ணிக்கொள்வது உண்டு.

சென்னைக்கும் பியானோ புதிதன்று. 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் மியூசி மியூசிக்கல் எனப் பெயர் மாறிய கடை அண்ணா சாலையில் தலைமுறை தலைமுறையாகப் பியானோவையும் அதன் பாடங்களையும் வளர்த்து வந்துள்ளது. பல ஆண்டுகளுக்கு முன், எழும்பூர் அருங்காட்சியக அரங்கில் ஒரு தனிக் கச்சேரி கேட்டேன். ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறிப் போனேன். எனக்கு அந்த இசையின் இலக்கணம் தெரியாது. ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி முடிந்ததும் நான் ஒருவன் மட்டும் கைதட்டினேன். அருகில் இருந்த முதியவர் என் மணிக்கட்டை மெல்லத் தொட்டு, "இன்னும் முடியவில்லை, தம்பி" என்றார். அதட்டாமல் சொன்னார். அதன்பின் அரங்கில் நிலவிய அமைதியைக் கேட்டேன். அதுவும் அந்த இசையின் ஒரு பகுதி என்று அன்றுதான் அறிந்தேன்.

இனி என் குற்றத்திற்கு வருகிறேன். நம் கவியரங்குகளில் பத்துக் கவிஞர்கள் பாடுவார்கள்; ஆளுக்கு ஐந்து நிமிடம். கைதட்டலுக்கென்றே ஓர் அடி அமைப்போம், அவை 'மீண்டும்' என்று கேட்கும், மீண்டும் சொல்வோம். அதில் மகிழ்ச்சி உண்டு. நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் நம் வட்டத்தில் ஒரு நண்பர் இருந்தார். தொழிற்சாலையில் இரவுப் பணி. ஓர் ஏரி வீட்டுமனைகளாக மாறிய கதையை நெடுங்கவிதையாக எழுதிவந்தார். ஒவ்வோர் அரங்கிலும் ஏரியில் தண்ணீர் நிறையும் இடத்தை அவர் எட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நேரம் காட்டும் மணியை அடித்தவன் நான்தான். அவர் ஒருமுறையும் முகம் சுளித்ததில்லை. தாளை மடித்துக்கொண்டு, நன்றி சொல்லி இறங்குவார். இன்று அவர் இல்லை. கையெழுத்துப் படி அவர் இல்லத்தார் வழியாக நம்மிடம் வந்துள்ளது. சென்ற மாதம் அதனை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஏரி நிறைவது நாற்பதாம் நிமிடத்தில்.

அவர் குரலில் அதை நாம் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அந்த முதியவர் என்னிடம் சொன்னதை நான் அந்த மேடையில் எனக்கே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்: இன்னும் முடியவில்லை.

ஆகவே, அவை முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் கவியரங்குகள் வழக்கம்போல் நடக்கட்டும். அவற்றோடு ஏழு மாலைகளைத் தனியே ஒதுக்குவோம். ஒரு மாலைக்கு ஒரே கவிஞர். தலைமைக் கவிதை வேண்டா, பொன்னாடை வேண்டா, மணியும் வேண்டா. நடுவே கைதட்டாமல் இறுதிவரை கேட்போம். இருபது பேர் வந்தாலும் போதும். பெயர் வேண்டுமானால் 'தனியரங்கு' என்று வைத்துக்கொள்ளலாம். நாம் கடன் கொடுத்த வழக்கம் நமக்கே திரும்பி வந்ததாக இருக்கட்டும்.

முதல் மாலையை அந்த ஏரிக் கவிதைக்குத் தாருங்கள். படிப்பதற்கு நம்முள் நல்ல குரல் உடைய இளைஞர் ஒருவர் முன்வரட்டும். மணி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அன்று அதை எடுத்து வரமாட்டேன்.