குப்பைமேட்டின் அடியில்



எங்கள் தொண்டைமானாற்றுப் பக்கத்திலே கிணறு வெட்டக் கண்டவர்களுக்குக் குடாநாட்டின் இயல்பு விளங்கும். மேலே சிறிது மண். கீழே வெடிப்பும் பொந்தும் மலிந்த சுண்ணாம்புப் பாறை. அதனுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர். இத்தகைய நிலத்திலே நாம் குப்பையை எங்கே கொட்டுவது?

மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அது கண்ணுக்குத் தெரிந்த கேடு. குப்பையிலிருந்து வடியும் சாறு நிலத்தினுள் இறங்குவதையோ எவரும் காண்பதில்லை. அதனைக் கணக்கினாற்றான் காண வேண்டும்.

முறையாக அமைக்கும் குப்பைநிலத்திலே ஒரு மீற்றர் அளவுக்குக் களிமண்ணை இறுக்கி, அதன்மேல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த பொலித்தீன் விரிப்பர். நல்ல களிமண்ணிலே நீர் செல்லும் அளவு, விநாடிக்கு ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சி 1856இல் வெளியிட்ட விதிப்படி, மேலே சாறு தேங்காதவிடத்து, இது ஆண்டுக்கு மூன்று சென்ரிமீற்றர். ஆனால் நீர் செல்வது மண்ணின் துளைகளூடாக மட்டுமே. துளைகள் நூற்றுக்கு நாற்பது பங்கெனின் உண்மை வேகம் எட்டுச் சென்ரிமீற்றராகும். ஒரு மீற்றரைக் கடக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள்! சாறு தேங்கினால் அதனினும் விரைவு.

பொலித்தீன் இருக்கிறதே என்பீர்கள். மண்ணெண்ணெயைப் பொலித்தீன் பையிலே கட்டி வைத்துப் பாருங்கள்; ஓட்டை இல்லாமலே மணம் வெளியே வரும். உப்பை அத்தாள் நன்கு தடுக்கும். எண்ணெய் இனத்துப் பொருள்களோ அதனுள்ளே கரைந்து மறுபுறம் வெளிப்படும். செறிவு மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானே பரவுமென 1855இல் ஃபிக் என்பார் கூறிய விதி இது. ஆகவே தாளுக்கு ஒரு கணக்கு, களிக்கு ஒரு கணக்கு. ஒரு படையை விட்டு வெளியேறும் அளவே அடுத்த படையினுள் நுழையும் என்று இரண்டையும் இணைக்க வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததை அறிவீர்கள். அது குப்பையால் விளைந்ததன்று. எனினும் எங்கள் நிலம் எதனையும் தடுத்து நிறுத்தாதென்பதற்குச் சான்று. கிணற்றுநீர் குடிக்கும் ஊர்களின் நடுவே எத்தகைய விரிப்பிட்டும் குப்பைநிலம் அமைத்தலாகாது என்பதே என் கருத்து. மேற்கூறிய கணக்கு சீரான படைகளுக்கே பொருந்தும். வெடித்த பாறையிலே நீர் ஊறிச் செல்வதில்லை, ஓடிச் செல்கிறது. களிமண்ணின் அடியோடு அந்தக் கணக்கு முடிகிறது. அதன்கீழே உள்ளது நம் கிணறு.