ஜெர்சி தேரை எந்த வம்சம்?

ஜெர்சின்னு கேட்டதும் கிரிக்கெட் டீ-ஷர்ட் ஞாபகம் வந்தா, அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. இது ஒரு தீவு. பிரான்ஸ் கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம்தான், ஆனா அரசு உறவு பிரிட்டனோட. பக்கத்துத் தீவான குயெர்ன்சிக்காரங்க ஜெர்சிக்காரங்களுக்கு வெச்ச பட்டப்பேர் 'கிராப்போ'. பிரெஞ்சில் தேரைன்னு அர்த்தம். ஜெர்சியில் தேரை உண்டு, குயெர்ன்சியில் கிடையாது, அதான் கிண்டல். இவங்க கோவிச்சுக்கல, தலைநகர் செயின்ட் ஹீலியர்ல தேரைக்குச் சிலையே வெச்சுட்டாங்க.

அந்தத் தேரையை ரொம்ப காலமா 'பூஃபோ பூஃபோ'ன்னுதான் எழுதிட்டு இருந்தாங்க. இங்கிலாந்துல இருக்கிற அதே சாதாரணத் தேரை. ஆனா கவனிச்சவங்களுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ஜெர்சி தேரை சைஸ்ல பெருசு, இனப்பெருக்கத்தை இங்கிலாந்துத் தேரையை விட முன்னாடியே ஆரம்பிக்குது, வாழும் இடமும் வேற மாதிரி. தீவுல இருக்கு, அதனால கொஞ்சம் மாறியிருக்கும்னு சொல்லி விட்டுடலாம். தேரையோட உருவம் உணவையும் வயசையும் பொறுத்து அவ்வளவு மாறும். கண்ணை மட்டும் நம்பி இனம் பிரிக்கிறது ரிஸ்க்.

இங்கதான் மரபணு அடையாளம் உள்ள வருது. 1803லேயே தோடேங்கிற பிரெஞ்சு இயற்கையியலாளர் 'பூஃபோ ஸ்பைனோசஸ்'னு ஒரு தேரைக்குப் பேர் வெச்சிருந்தார். பின்னாடி வந்தவங்க அதை பூஃபோ பூஃபோவோட துணை இனமாக்கிட்டாங்க. 2012ல் பல ஜீன்களை ஒண்ணா ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு வந்தது. ரெண்டும் பிரிஞ்சு பல மில்லியன் வருஷம் ஆச்சு, தனித்தனி இனம்தான்னு சொல்லிச்சு. 2014ல் ஜெர்சி தேரைகளோட டிஎன்ஏவைப் பார்த்தா, எல்லாரும் நினைச்ச இங்கிலாந்துக் கூட்டம் இல்ல. ஸ்பைனோசஸ். அதோட சொந்தக்காரங்க மேற்கு பிரான்ஸ்லயும் ஸ்பெயின்லயும் இருக்காங்க.

சரி, டிஎன்ஏவை எடுத்தா விடை தானா வந்துடுமா? வராது. எந்த டிஎன்ஏங்கிறதுதான் கேள்வி. சுலபமா கிடைக்கிறது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. ஒரு செல்லுக்குள்ளேயே ஏகப்பட்ட காப்பி இருக்கும். தேரையோட வாய்க்குள்ள பஞ்சுக் குச்சியால தடவி எடுத்தாலே போதும். சிக்கல் என்னன்னா, அது அம்மா வழியா மட்டும்தான் வரும்.

பிரான்ஸ்ல வடமேற்குக் கடற்கரையிலிருந்து தென்கிழக்கு வரைக்கும் குறுக்கா ஒரு பட்டை ஓடுது. ரெண்டு இனமும் சந்திச்சு, கலந்து இனப்பெருக்கம் பண்ற எல்லை அது. அங்க அம்மா ஸ்பைனோசஸ், அப்பா பூஃபோ பூஃபோன்னு வெச்சுக்கோங்க. பிள்ளையோட மைட்டோகாண்ட்ரியாவைப் படிச்சா 'நூறு சதவீதம் ஸ்பைனோசஸ்'னு வரும். அப்பா ரெக்கார்டுலயே இல்ல! ஒரே ஒரு காலத்தை வெச்சு டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணினா என்ன கூத்து நடக்கும்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும்.

அதனால செல்லோட கருவுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவிலிருந்தும் பல இடங்களை எடுப்பாங்க. இந்த இடத்துல ஒரு இனத்துக்கு 'ஏ', இன்னொண்ணுக்கு 'ஜி'ன்னு எழுத்து மாறுற இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு வரும். முதல் தலைமுறைக் கலப்புன்னா எல்லா இடத்துலயும் ஏ-ஜி ஜோடி. அந்தப் பிள்ளை மறுபடி ஒரு ஸ்பைனோசஸோட சேர்ந்தா, அடுத்த தலைமுறையில ஏறக்குறைய பாதி இடத்துலதான் அந்த ஜோடி இருக்கும். இப்படி எண்ணியே ஒரு தேரையோட பரம்பரைக் கலவையைக் கணிக்கலாம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எந்த எழுத்து யாரோடதுன்னு முதல்ல எப்படி முடிவு பண்றாங்கங்கிறது. எல்லையில பிடிச்ச தேரையை வெச்சு முடிவு பண்ண முடியாது, அது ஏற்கனவே கலந்திருக்கலாம். எல்லையிலிருந்து ரொம்ப தள்ளி, கலப்பு போய்ச் சேர வாய்ப்பில்லாத ஊர்ல சாம்பிள் எடுக்கணும். அந்தத் தூரத்துத் தேரைகள்தான் அளவுகோல். அளவுகோலே கலப்படம்னா அப்புறம் வர்ற எல்லா ரிசல்ட்டும் குப்பை.

பேர்ல என்ன இருக்கு, தேரை தேரைதானேன்னு கேக்கலாம். ஜெர்சியில ஒரு குளத்துல தேரை குறைஞ்சு போச்சுன்னு வைங்க. பழைய பேரை நம்பினா, இங்கிலாந்துல இருந்து முட்டைச் சரத்தையோ தலைப்பிரட்டையையோ கொண்டு வந்து விடலாம்னு யாராவது நல்ல எண்ணத்துலயே சொல்லுவாங்க. அப்படி விட்டிருந்தா, கடல்மட்டம் உயர்ந்து தீவு துண்டானதிலிருந்து அங்க தனியா வாழ்ந்துட்டு வர்ற ஒரு கூட்டத்துக்குள்ள வேற இனம் நுழைஞ்சிருக்கும். கூடவே நோயும் வரலாம். தோலைத் தாக்குற கைட்ரிட் பூஞ்சை இப்படி இடம் மாத்துறதாலயும் பரவும். ஒரு தடவை கலந்துட்டா திரும்பப் பிரிக்க முடியாது. கிட்ல ரிவர்ட் கமாண்ட் இருக்கு, குளத்துல இல்ல.

பிரிட்டிஷ் தீவுகளோட முதுகெலும்பி பட்டியல்ல இப்படித்தான் 2014ல் ஒரு பேர் கூடுச்சு. புதுசா எதுவும் வந்து சேரல. பல ஆயிரம் வருஷமா அங்கேயே இருந்ததுதான், ஜெர்சிக்காரங்க வீட்டுத் தோட்டத்துக் குளத்துல.