மண் கொண்டுவந்த செய்தி

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசற்காட்டில் நின்று, ஊரில் திருவிழா வேட்டு வெடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ஒளி தெரியும். ஓசை பிந்தி வரும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று விநாடி தாமதம். ஒளி வெற்றிடத்திலும் செல்ல வல்லது. ஓசையோ, காற்றின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதனால் நகர்வது. துகள் தன் இடத்திலேயே ஆடி நிற்கும். ஆட்டம் மட்டும் பயணம் செய்யும்.

காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஓசை, நீரில் 1,500 மீட்டரும், நம்மூர்த் தண்டவாளத்து எஃகில் 5,000 மீட்டருக்கு மேலும் செல்லும். எஃகு கனமானதாயிற்றே, வேகம் குறைய வேண்டாமா? நல்ல கேள்வி. கனம் வேகத்தைக் குறைக்கவே செய்யும். ஆயினும் எஃகின் விறைப்பு, அதாவது உருக்குலைய மறுக்கும் தன்மை, அதனினும் பன்மடங்கு மிகுதி. (தண்டவாளத்தில் காதை வைத்து இதனைச் சோதிக்க எவரும் முற்பட வேண்டா!)

நிலத்தினுள் செல்வன இருவகை அலைகள். முதலில் வருவது பாறையை முன்னும் பின்னும் நெருக்கும். அடுத்தது குறுக்கே அசைக்கும். திரவத்துக்குக் குறுக்கசைவை எதிர்க்கும் விறைப்பு இல்லை. ஆகவே இரண்டாம் அலை அதனுள் செல்லாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்தாம் என்பவர், 1897இல் அஸ்ஸாமைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் பதிவுகளில் இவ்விரண்டையும் பிரித்தறிந்தார்.

2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.29 மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடி பிளந்தது. முதல் அலை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பாறையைக் கடந்து, நான்கைந்து நிமிடங்களில் தமிழகத்தை எட்டியது. சென்னையில் பலர் நடுக்கத்தை உணர்ந்தனர். கடலலையோ வேறு இனம். அதன் வேகத்தை ஆழமே முடிவு செய்யும். நடுக்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் விரைந்தும், நாகப்பட்டினம் வர அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மண் முன்னரே சொல்லிவிட்டது. கரைக்கு அதனை எடுத்துரைக்கும் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திரா அருகே மீண்டும் பெருநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை உடனே வெளிவந்தது. அன்று கடலடி பக்கவாட்டில் நகர்ந்ததே மிகுதி. நீர் பெரிதும் உயர்த்தப்படவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட, மக்கள் வீடு திரும்பினர்.