இளிவும் அழுகையும்



இளையோர் மனநலம் பற்றிப் பேசப் பணித்தீர்கள். நான் மருத்துவம் கற்றவளல்லள், தொல்காப்பியம் கற்பிப்பவள். ஆதலின் மெய்ப்பாட்டியலிலிருந்தே தொடங்குகிறேன்.

அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. அதற்கும் முன்னே தொல்காப்பியர் வைப்பது இளிவு. அதாவது, பிறரால் இகழப்பட்டு எளியராதல். இவ்வரிசைக்கு அவர் காரணம் கூறவில்லை. ஆயினும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்தைக் கண்டவர்க்குக் காரணம் விளங்கும். மதிப்பெண் குறைந்தது இழவு, அது ஆறும். அடுத்த வீட்டார் கேட்கையில் தாய் தலைகுனிகிறாளே, அந்த இளிவு எளிதில் ஆறுவதில்லை.

தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது. தவறியவர் அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதவும் வழியுண்டு. முன்னது இளிவுக்கு மருந்து, பின்னது இழவுக்கு. இரண்டும் நல்லவையே. ஆனால் அரசு கைவிட்டதைத் தெருமுனை விளம்பரத் தட்டிகள் கைவிடவில்லை. பிள்ளைகளின் படங்கள் மதிப்பெண்ணோடு அங்கே தொங்குகின்றன. தொங்காத படத்துக்குரிய பிள்ளையும் அந்தத் தெரு வழியேதான் பள்ளிக்குப் போக வேண்டும்.

நம் கைப்பொருளாகிய சொல்லுக்கு வருகிறேன். கீழ்ப்பாக்கம் என்பது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். 1794இல் தோன்றிய பழமையான மனநல மருத்துவமனை இன்று அங்கே இயங்குகிறது. நம் திரைப்பட நகைச்சுவை அப்பெயரையே வசையாக்கிவிட்டது. சிரித்து வளர்ந்த பிள்ளை, தனக்கு உறக்கம் வரவில்லை, உள்ளம் நிலைகொள்ளவில்லை என்று யாரிடம் வாய்திறக்கும்? இன்னொரு சொல், தற்கொலை. அம்முயற்சியில் இறங்கியவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் விட்டுவிட்டது, சொல்லுக்குள் ‘கொலை’ இன்னும் இருக்கிறது. மாற்றுச் சொல் படைப்பது புலவர் தொழிலன்றோ?

கவியரங்குகளில் நான் அஞ்சும் ஓர் இடமுண்டு. பள்ளி மாணவி ஒருத்தி மேடையேறி, தான் இல்லாத உலகைப் பற்றிக் கவிதை படிப்பாள். நாம் கைதட்டுவோம். யாப்பறிந்த பெரியவர் தளை தட்டும் இடத்தைச் சுட்டுவார். இருள் கவிதைக்கு அழகு என்று பழகிவிட்டோம்; அதைப் படித்த பிள்ளை இருட்டில் நிற்கிறதா என்று கேட்பதில்லை. எல்லாச் சோகக் கவிதையும் நோயன்று. அப்படி ஐயுற்றால் நம்முள் பாதிப்பேர் மிஞ்சமாட்டோம்! ஆயினும் கூட்டம் கலைந்தபின் அவளைத் தனியே அமர்த்தி, “இது உன் நினைப்பா, அம்மா? சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்பதே மனநல மருத்துவம் கண்ட உண்மை. ஆம் என்றால் அறிவுரை வேண்டா. அவளைத் தனியே விடாமல், பெற்றோரையோ அவள் நம்பும் பெரியவரையோ சேர்த்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது நம் வேலை.

2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வட்டத்தின் அடுத்த அழைப்பிதழ் அச்சேறுமுன், நிகழ்ச்சி நிரலுக்குக் கீழே அந்த எண்ணைச் சேர்க்குமாறு செயலாளரை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.