பழந்துணியும் குளியலறை மிதியடியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் எனக்கு முன்னர் பேசியவர்கள் அழகுறப் பேசினார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, பழந்துணியைக் கொண்டு வழுக்காத குளியலறை மிதியடி செய்வது. தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் இளைஞர் சிலர் சிரித்தனர். அச்சிரிப்பில் கூச்சமும் கலந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் பேசிவிடுவோம்.

சண்டாளர் பிணத்தின் ஆடையையே உடுக்க வேண்டும் என்று விதித்தது மனுநூலின் பத்தாம் அத்தியாயம். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் 1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாடில் அந்நூலைத் தீயிலிட்டனர். அம்மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசிய அண்ணல், இன்னார் என்று பிறர் அடையாளம் கண்டு ஒதுக்குவதற்கு இடந்தரும் உடுப்பு முறையை விட்டொழிக்குமாறு அறிவுறுத்தினார். கூலியோடு சேர்த்துக் கிழிந்த வேட்டியையும் தூக்கிப் போட்ட காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே, கந்தலைத் தொட இளைஞர் தயங்குவதை நான் குறைகூற மாட்டேன். ஆனால், பிறர் கழித்துப் போட்டதைக் கைநீட்டி வாங்குவது வேறு. நாம் காசு கொடுத்து வாங்கி உடுத்திய துணியை நம் விருப்பப்படி வெட்டித் தைப்பது வேறு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், வயல்வேலையில் நைந்த உடுப்புகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்து வந்தனர். 1966இல் அவர்கள் கூட்டுறவு அமைப்பொன்றைத் தொடங்கி அப்போர்வைகளை நியூயார்க் வரை விற்றனர். வாக்குரிமை கேட்டதற்காகக் குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அவ்வமைப்பு வீட்டுமனையும் கொடுத்தது. அப்பகுதியைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் போர்வைகளை 2006இல் அமெரிக்க அரசு அஞ்சல் தலைகளாகவே வெளியிட்டது. கந்தல் அங்கே எங்கே போய்ச் சேர்ந்தது, பாருங்கள்!

இனி நம் ஊருக்கு வருவோம். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணும் வானம் பார்த்த பூமி இது. கண்மாயிலும் கிணற்றிலும் நமக்கு இடம் மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகும், அந்தத் தண்ணீரைத் தொடப் பல ஊர்களில் போராட வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுக்குள் கதவடைத்துக் குளிக்கும் அறை என்பது நமக்கு அருமையானது. நம் தாய்மார்களுக்கு மிகவும் அருமையானது. ஆனால் அந்த அறையின் தரை பெரும்பாலும் இழைத்த சிமெண்டு, அல்லது பளபளக்கும் டைல்ஸ். தண்ணீரோடு நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் காலடி நிற்காது. வயதான தாய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. அவரைக் கவனிக்கப் பள்ளியை விட்டு நிறுத்தப்படுபவள் பேத்திதான். பேரனை யாரும் நிறுத்துவதில்லை! கல்விச் சங்கத்தின் மேடையில் மிதியடியைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

வெறும் பழந்துணியை ஈரத்தரையில் போடுவது ஆபத்து, அதுவே சறுக்கும். மேலே நீரை உறிஞ்ச வேண்டும். கீழே தரையைப் பற்ற வேண்டும். உறிஞ்சுவதற்குப் பருத்தியே ஏற்றது. ஐயமிருந்தால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் இறுகிவிடும். பருத்திப் பனியன் மிகச் சிறந்தது. அதன் உடற்பகுதியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி இழுத்துவிட்டால், விளிம்பு தானே சுருண்டுகொள்ளும், நூல் பிரியாது. சேலைத்துணியில் இந்த வசதி இல்லை. பிசிறு கொட்டிக்கொண்டே இருக்கும்.

அடித்துணிக்குக் கித்தான் அல்லது பழைய ஜீன்ஸ் துணி. சாக்கு வேண்டாம், ஈரத்தில் இற்றுவிடும். 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமுமாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். பனியன் பட்டைகளை மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கோட்டின் குறுக்கே நெருக்கமாக வைத்து, நடுவில் தையல் ஓட்டுங்கள். தைத்த வரியை ஒருபுறம் மடித்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போகவேண்டும். ஓரம் போக வரிக்கு 22 துண்டு, 30 வரிக்கு 660 துண்டு. பெரிய ஆள் பனியன் இரண்டு வேண்டும். வெட்டுச் சேதம் சேர்த்தால் மூன்று.

பற்றுவதற்குப் பழைய சைக்கிள் டியூப். அதை நீளவாக்கில் பிளந்து, உட்புறத்து மாவு போகச் சோப்பிட்டுக் கழுவி, இரண்டு விரற்கடைப் பட்டைகளாக்கி, இரண்டாவது துண்டின் அடியில் நான்கு ஓரங்களிலும் நடுவில் இரண்டு வரியாகவும் தையுங்கள். பிறகு இரு துண்டுகளையும் சேர்த்து ஓரம் மடித்து அடித்துவிடலாம். ரப்பருக்கு எண்ணெய் பகை. கடும் வெயிலும் பகை. எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் சோப்பு நீரில் அலசி, துணிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி உலர்த்துங்கள். தரையில் விரிக்குமுன் தரையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். டியூப் பிடிப்பற்றுப் போனால் அதைப் பிரித்து வேறு தைப்பதற்குச் சோம்பல் கூடாது.

விற்கலாமா என்று சில பெண்கள் கேட்டார்கள். விற்கலாம். ஆனால் 22 அங்குல வரி முப்பது என்றால் 55 அடித் தையல். வெட்டுவதும் ஓரம் அடிப்பதும் தனி. எத்தனை மணி நேரம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்து எழுதி, ஒருநாள் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள். அருப்புக்கோட்டை தறி ஊர். துணியின் விலையை அறிந்த வியாபாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கந்தல்தானே என்று அவர்கள் பேரம் பேசுவார்கள். கந்தலுக்கு நாம் விலை கேட்கவில்லை, 55 அடித் தையலுக்குக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். தனித்தனியே போனால் இந்தப் பேச்சு எடுபடாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே விலை சொன்னால் எடுபடும்.

பக்கத்து அறையில் இரண்டு தையல் எந்திரங்களும் வெட்டி வைத்த துண்டுகளும் இருக்கின்றன. சிரித்த இளைஞர்கள் டியூப் பிளக்க வரலாம். அந்த வேலைக்குக் கைவலு வேண்டும்.