தேரி என்னும் பாலை



தூத்துக்குடி என்றதும் எழுதுகோல் கடற்பக்கமே திரும்பிவிடுகிறது. கொற்கை முத்து, உப்பளம், தோணி, துறைமுகம் என நெய்தலுக்குரிய பொருள்கள் அத்தனையும் இக்கரையில் குவிந்து கிடப்பதால் இதில் வியப்பில்லை. 1961-க்குப் பின்னர்ப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை; ஆயினும் கவிதையில் மட்டும் அது ஓயவே இல்லை. இதே மாவட்டத்தில், கடலிலிருந்து சில கல் தொலைவிலேயே, பாலை ஒன்று கண்முன் கிடக்கிறது என்பது ஏனோ மறந்துபோகிறது. திருச்செந்தூருக்கு மேற்கே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியே அது. அந்தத் தேரியையும், அங்குப் பெற்றோருடன் செல்லும் ஒரு செலவையும் பற்றியது இவ்வுரை.

ஏறக்குறைய 12,000 ஏக்கர் பரப்பில் செம்மணல் அங்கு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மேற்கு மலையில் இறக்கிவிட்டு, கணவாய்களின் வழியே வறண்ட காற்றாக வந்து மணலை வாரி வாரிக் குவிக்கிறது. மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே அச்செம்மைக்குக் காரணம். பனையும் உடையும் கொல்லாமரமும் ஆங்காங்கே நிற்கின்றன. பெருமழை அறுத்தோடிய இடங்களில் செங்குத்தான சுவர்களோடு ஓடைப் பள்ளங்கள் உண்டு; மாலை வெயில் அச்சுவர்களில் விழும்போது மண் எரிவது போலவே தோன்றும். 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்னும் ஆய்வாளர் இருவர் இத்தேரிகளில் கிடைத்த நுண்கற் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினர். எழுத்துக்கு நெடுங்காலம் முன்பே இம்மணலில் மனிதர் நடந்திருக்கின்றனர்.

இக்கரையிலிருந்து அமெரிக்கா சென்று பணிபுரியும் பிள்ளைகள், தம்மைக் காண வரும் பெற்றோரை அரிசோனாவுக்கு அழைத்துச் சென்று, கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கைக் காட்டுவதுண்டு. ஒரு மைலுக்கும் மேற்பட்ட ஆழமுடையது அது. அதன் முன் தேரியின் ஓடைகள் சிறுபிள்ளை தோண்டிய குழிகளே. ஆனால் அங்கே பிள்ளை காட்ட, பெற்றோர் காண்கின்றனர். தேரியிலோ பெற்றோர் காட்டப் பிள்ளை காண்கிறான். இந்த வேறுபாடு சிறிதன்று.

பங்குனி உத்திரத்தன்று தென்மாவட்டங்களில் குடும்பங்கள் தத்தம் குலதெய்வமாகிய சாத்தாவைத் தேடிச் செல்வது வழக்கம். தேரியின் நடுவே உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் அன்று திரள்திரளாக மக்கள் வருகின்றனர். சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், மும்பையில் பிழைப்பவரும், கடல் கடந்து சென்றவரும் அன்றைக்கு ஊர் திரும்புகின்றனர். வண்டியை விட்டு இறங்கி மணலில் கால் வைத்ததும் தந்தை முன்னே நடக்கிறார். நகரத்தில் மகன் கையைப் பற்றிச் சாலை கடந்தவர், இங்கே யாருடைய கையையும் நாடுவதில்லை. “எய்யா, வெயிலுக்கு முந்தித் திரும்பிரணும், வெரசா நட” என்று தாய் பின்னிருந்து சொல்கிறார். மகனுக்கோ ஓரடி வைத்தால் அரையடி பின்வாங்குகிறது.

நடக்கும்போதே கோயிற்கதை சொல்லப்படும். அது பலவாறு வழங்கினும் பொதுவான கூறு ஒன்றுதான். சுனையருகே நின்ற மாமரத்தின் கனி அரசனுக்கே உரியதாயிருந்தது. நீர் மொள்ள வந்த ஒருத்தியின் குடத்தில் அவளறியாமல் கனி ஒன்று விழுந்தது. திருட்டுப் பழி சுமத்தி அவளைக் கொன்றனர். அவள் இட்ட சாபத்தால் நாடு மண்மாரியில் புதைந்து தேரியாயிற்று. சிலம்பின் சாயல் இக்கதையில் இருப்பதை அவையினர் உடனே உணர்வர். அங்கே தீ, இங்கே மணல். நாடு புதைந்தும் சுனை மட்டும் எஞ்சியது என்பது கதையின் முடிவு. அது வெறுங்கற்பனையுமன்று. தேரி மணல் மழைநீரை ஓடவிடாமல் உறிஞ்சி வைத்துக்கொண்டு அடிவாரத்தில் மெல்லக் கசியவிடும். தேரிகளை ஒட்டிய தாழ்நிலங்களில் தருவை எனப்படும் நீர்நிலைகள் இருப்பதைப் புத்தன்தருவை முதலிய ஊர்ப்பெயர்களே சொல்லும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். தொல்காப்பியர் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கொள்கை. நிலம் எதுவாயினும் அதன் உரிப்பொருள் பிரிவு. பாலையில் பெற்றோர் வருவது பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான்: மகளை இழந்து புலம்பும் தாயாக, அல்லது அவளைத் தேடிச் சுரத்தில் செல்லும் செவிலியாக. ஐங்குறுநூற்றில் ஒரு பத்து முழுவதுமே அத்தாயின் இரக்கம்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலிப்பாடல் ஒன்று இக்கரையினர் தனியே எண்ணிப் பார்த்தற்குரியது. உடன்போன மகளைத் தேடிவரும் செவிலி, எதிர்வந்த அந்தணரிடம் வழி கேட்கிறாள். சந்தனம் பிறந்த மலைக்கு உதவுவதில்லை, முத்துப் பிறந்த கடலுக்கு உதவுவதில்லை, இசை பிறந்த யாழுக்கு உதவுவதில்லை, உன் மகளும் அத்தகையவளே என்பது அவர்கள் மறுமொழியின் கருத்து. பாலைக்கு நடுவே முத்து வந்து நிற்கிறது. அந்தணர் கூற்று பொய்யில்லை. கொற்கை முத்து கடலுக்கா உதவிற்று? இக்கரையில் பிறந்த பிள்ளைகளும் சென்ற இடங்களுக்கே உதவுகின்றனர். ஆனால் அவ்வறிஞர்கள் கண்டிராத ஒன்று தேரியில் ஆண்டுதோறும் நிகழ்கிறது. முத்து ஒரு பகல் திரும்பி வந்து, பெற்றோரோடு பாலையில் நடக்கிறது. பிரிவுக்குரிய நிலத்தில் கூடல் நடைபெறுகிறது. திணை மயக்கம் என்பதை ஏட்டில் மட்டுமே கற்ற கவிஞர் ஒருமுறை இங்கு வந்து பார்க்கலாம்.

தேரி என்றும் இப்படியே இருக்கும் என எவரும் எண்ணிவிட வேண்டா. அம்மணலில் இல்மனைட், சிர்கான், ரூட்டைல் முதலிய கனிமங்கள் உள்ளன. 2007-இல் சாத்தான்குளம் பகுதித் தேரிகளை ஒட்டி டைட்டானியத் தொழிற்சாலைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் நின்றுபோனது. அது தனியே பேசவேண்டிய பொருள்.

இங்கே சொல்ல வேண்டியது வேறோர் இழப்பு. ஏதோ ஓர் ஆண்டில் தந்தை, “முழங்கால் ஒத்துழைக்கல, நீங்களே போயிட்டு வாங்க” என்று வீட்டில் இருந்துவிடுகிறார். மகன் கைப்பேசி காட்டும் வழியில் கோயிலை எளிதாகவே அடைகிறான். அடைந்த பிறகுதான் திகைப்பு. தம் குடும்பம் எந்த மரத்தடியில் பொங்கலிடும்? அய்யனாருக்குப் பின் எந்தப் பீடத்துக்கு முதலில் தேங்காய்? பேச்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டவை எவை? இவற்றை எந்த நிலப்படமும் காட்டாது. இத்தனை ஆண்டுகள் பின்னே நடந்தும், முன்னே நடந்தவரின் முதுகை மட்டுமே பார்த்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. கைப்பேசியில் தந்தையை அழைக்கிறான். மணல்மேட்டில் ஏறி நின்றால்தான் குரல் தெளிவாகக் கேட்கிறது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இடையிடையே, “அம்மைகிட்டக் கொடுக்கேன், அவளுக்குத்தான் தெரியும்” என்று தாயிடம் கொடுக்கிறார். தாய் சொல்லி முடித்துவிட்டு, “ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாய்யா” என்கிறார். அவன் குனிந்து அள்ளுகிறான். மேல்மணல் சுடுகிறது, அடிமணல் குளிர்ந்திருக்கிறது.