பாம்பின் நிறமும் பரம்பரையும்



மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருவகைச் சிறிய மலைப்பாம்பு வாழ்கிறது. அது நஞ்சற்றது, அச்சமுற்றால் தலையை நடுவே மறைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும். ஆகவே அதற்குப் பந்து மலைப்பாம்பு என்று பெயர். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளினின்றும் அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகி, அங்கே நாயும் பூனையும் போல வீடுகளில் வளர்க்கப்படுகிறது. பாம்பைக் காசு கொடுத்து வாங்குவாரும் உளரோ என வியப்பீர்கள். உளர், அதிலும் நிறம் மாறிய பாம்புக்கு விலை மிகுதி.

இயல்பான பாம்பு கருமையும் பழுப்பும் கலந்தது. கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்கும் மரபணு பழுதுற்றால், வெண்மையும் மஞ்சளுமான பாம்பு தோன்றும். ஆனால் மரபணு ஒவ்வொன்றும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக வருகிறது. ஒரு படி பழுதுற்றாலும் மற்றொன்று போதிய கருமையை ஆக்கிவிடும். குறை வெளியே தெரியாது. இதனையே ஒடுங்கு பண்பு என்கிறோம். இவ்வாறு குறையை மறைத்து வைத்திருக்கும் இரு பாம்புகள் கூடினால், ஒவ்வொரு முட்டையும் வெண்பாம்பாவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் வெளியிட்ட கணக்கே இது.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். "நான்கு விதை விதைத்தால் ஒன்று கட்டாயம் குட்டையாகுமா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "ஆம்" என்றேன். அது தவறு. அந்தப் பாம்பு ஆறு முட்டைகள் இட்டால், ஒன்றுகூட வெண்மையாக இராமற் போவதற்கு 100க்கு ஏறத்தாழ 18 வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தைச் சுண்டுவது போன்றதே இதுவும்; முன் விழுந்ததைப் பின் விழுவது அறியாது.

வெண்மையாகப் பிறவாத உடன்பிறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு குறையை மறைத்திருக்கக்கூடும். எவை என்று கண்ணால் அறிய இயலாது. முன்பெல்லாம் அவற்றை வளர்த்து, இணைசேர்த்து, குஞ்சு பொரியும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது உரித்த சட்டையே போதும்! கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பாம்பு வளர்ப்போர் அனுப்பிய சட்டைகளை ஆராய்ந்து, மூவகை நிறங்களுக்குரிய மரபணு மாற்றங்களைக் கண்டு 2022இல் வெளியிட்டனர். உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களும் அப்பணியில் பங்குகொண்டனர் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

மகிழ்ச்சிக்கிடமில்லாத செய்தியும் உண்டு. சிலந்தி எனப்படும் வகையின் உடலில் வலைபோன்ற மெல்லிய கோடுகள் ஓடும். பார்க்க மிக அழகு. இஃது ஓங்கு பண்பு. ஒரு படியே போதும். ஆனால் இவ்வகைப் பாம்பின் தலை நடுங்கும். சில சமயம் திருகித் தலைகீழாகும். இரையைக் குறிதவறிக் கௌவும். நடுக்கத்தை நீக்கிக் கோலத்தை மட்டும் நிலைநிறுத்த வளர்ப்போரால் இயலவில்லை. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்புகள் இவற்றில் உருக்குலைந்திருப்பதைக் காட்டிற்று.

"உண்கிறது, முட்டையிடுகிறது, வேறென்ன வேண்டும்?" என்று விற்போர் சிலர் வாதிடுகின்றனர். நான் அதனை ஏற்கேன். வெண்மைக் குறை எத்தனையோ தலைமுறை ஒளிந்து வரும். அதனை ஒழிப்பது அரிது. சிலந்திக் கோலமோ ஒளிவதில்லை. உடையதெல்லாம் வெளிப்படையாகவே தெரியும். அவற்றை இணைசேர்க்காது விட்டால், அத்தலைமுறையோடு அந்நடுக்கம் நின்றுவிடும்.